இரண்டாவது முறை வருபவர்தான் நம் வாடிக்கையாளர்

திருப்பூரில் சலூன் வைத்திருப்பவருக்குப் புது ஆட்கள் வருவது ஒரு பிரச்சினையே இல்லை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டதும் ஞாயிறு காலையில் கடை பெஞ்ச் நிறைந்துவிடும். தேனி, சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்று வாராவாரம் புது முகங்கள். இந்தக் கூட்டத்துக்குப் பழகிய பலர், போனவர் திரும்பி வந்தாரா என்று கவனிப்பதே இல்லை. ஆர்டர் குறைந்து ஊரே மந்தமாகும் மாதத்தில்தான் அதன் வலி தெரியும். அப்போது கடை வாடகையைத் தாங்குவது நம்மைத் தேடி வருகிற பழைய ஆட்கள் மட்டும்தான்.

ஒருவர் நிரந்தர வாடிக்கையாளர் ஆவது இரண்டாவது கட்டிங்கில் என்பது என் அனுபவம். முதல் முறை நன்றாக அமைந்தால் "பரவாயில்லை" என்று நினைத்துக்கொண்டு போவார். அடுத்த முறை உட்கார்ந்ததும், "போன தடவை மாதிரியே சைடு ரெண்டாம் நம்பர், சுழி பக்கம் கொஞ்சம் விட்டு வெட்டிடலாமாண்ணே?" என்று நாம் கேட்டால் முகமே மாறிவிடும். ஒவ்வொரு முறையும் தன் தலையைப் பற்றி முதலிலிருந்து விளக்க யாருக்கும் பிடிக்காது.

எல்லாரையும் மனதில் வைத்திருக்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், தேதி, மிஷின் நம்பர், சுழி எந்தப் பக்கம், கிருதா எவ்வளவு, தாடி எந்த வாட்டத்தில் வளர்கிறது, எதற்காவது அரிப்பு வருமா, இவ்வளவு போதும். "கொஞ்சம் ஷார்ட்டா" என்றால் ஒருவருக்கு ஒரு அளவு, இன்னொருவருக்கு வேறு அளவு. பெரும்பாலான மிஷின்களில் ஒன்றாம் நம்பர் சீப்பை மாட்டினால் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், ரெண்டாம் நம்பருக்கு 6. நம்பராக எழுதி வைத்தால் குழப்பம் இல்லை. தமிழ் தெரியாதவர் என்றால், வெட்டி முடித்ததும் அவர் போனிலேயே பக்கவாட்டிலும் பின்னாலும் படம் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அடுத்த முறை அவரே அதைத் திறந்து காட்டுவார்.

முதல் முறை வருபவர் தலையில் எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள். காய்ந்த முடி எப்படி விழுகிறது, சுழி எங்கே எழும்புகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நனையுங்கள். சுருட்டை முடி ஈரத்தில் நீளமாகத் தெரியும், காய்ந்ததும் ஏறிக்கொள்ளும். அந்த அளவை நம்பி வெட்டினால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கிறவர் அதிர்ந்துபோவார். சீப்பு வைக்கும் முன் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள், மரு, தழும்பு எல்லாம் கையில் படும். பின்தலையில் புழுவெட்டு இருந்தால் பெரும்பாலும் முதலில் பார்ப்பது நாம்தான். அதைப் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொல்லாமல், மெதுவாகச் சொல்லித் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். எண்ணெய் பாட்டிலை விற்கப் பார்க்காதீர்கள்.

பேச்சுக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். "எந்த ஊரு?" என்பது வரைக்கும் சரி. "ஊருக்குள்ள எந்தத் தெரு?" என்று தொடர்வது பலருக்கு முள்ளாகக் குத்தும். சலூனில் முடி வெட்ட மறுக்கப்பட்ட அனுபவத்தோடு கிராமத்தை விட்டு வந்தவர்களும் நம் நாற்காலியில் உட்காருகிறார்கள். தீண்டாமை காரணமாகக் கடைக்குள் விட மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். சட்டம் இருக்கட்டும், அந்தக் கேள்விக்கே நம் கடையில் இடம் இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே நாற்காலி, ஒரே "வாங்க".

அடுத்தது சுத்தம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. புது பிளேடை வாடிக்கையாளர் கண் முன்னால்தான் உறையைப் பிரித்து மாட்ட வேண்டும். முடிந்ததும் அவர் பார்க்கவே கழற்றி டப்பாவில் போட வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். காய்ந்த ரத்தம் கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாலும் போதும். ஒரே படிகாரக் கட்டியை எல்லார் கன்னத்திலும் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், பொடியாக்கிப் பஞ்சில் தொட்டு வைக்கலாம். படர்தாமரை மிஷின் பிளேடு வழியாகப் பரவும். ஒவ்வொரு தலைக்குப் பிறகும் பிளேடிலிருக்கும் முடியைத் தட்டிவிட்டுக் கிருமிநாசினியால் துடைக்க ஒரு நிமிடம் ஆகுமா?

கடைசியில் கழுத்தைப் பிடித்துச் சொடுக்குவதைச் சிலர் இலவச உபசரிப்பாக நினைக்கிறார்கள், சில வாடிக்கையாளர்களே கேட்கவும் செய்வார்கள். செய்யாதீர்கள். கழுத்தின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "வேண்டாம்ணே, கழுத்துக்கு நல்லதில்ல, தோளை அமுக்கி விடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள், கோபப்பட மாட்டார்கள். டையும் அப்படித்தான். முதல் முறை கறுப்பு டை போடுபவருக்குக் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்வேன். அன்றைய காசு போகும். ஆனால் கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிப்போனால் அந்த மனிதர் படும் பாடு பெரிது.

அடுத்து எப்போது வரணும் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சைடை 3 மில்லிமீட்டரில் வைத்த ஃபேட் (கீழே ஒட்ட வெட்டி மேலே போகப் போக நீளம் கூட்டும் கட்டிங்) மூன்று வாரத்தில் 10 மில்லிமீட்டரை எட்டி உருவம் இழந்துவிடும். மேலே நீளமாக வைத்தவருக்கு ஐந்து வாரம்கூட ஓடும். அவரையும் மூன்று வாரத்தில் வரச் சொன்னால் இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிடுவார். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் மண்டல விரதம் முடியும்வரை வர மாட்டார்கள், அதை நோட்டில் குறித்துக்கொண்டால் "ஆளைக் காணோமே" என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று முதலாளிகளுக்கு. கமிஷனுக்கு வேலை பார்க்கும் தம்பி வேறு கடைக்குப் போனால், அவரிடம் வெட்டிக்கொண்டவர்களும் பின்னாலேயே போவது இயல்பு. வாடிக்கையாளர் நம்புவது ஒரு கையை. அதற்காகத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. கமிஷனை நேரத்துக்குக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அரை மணி நேரமாவது உட்கார விடுங்கள். நோட்டைக் கடையில் எல்லாரும் எடுத்துப் பார்க்கிற இடத்தில் வையுங்கள். அவர் லீவு போட்ட நாளில் வருபவரிடம் இன்னொரு தம்பி நோட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்களுக்கு வலது பக்கம் சுழி, இல்லைங்களா?" என்று கேட்டால், பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.