சத்தம் போடாத பெண் பிள்ளைகள்

எட்டு வயது மகனை என்னிடம் மனநல ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தார் ஒரு அம்மா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சரிடமிருந்து தினமும் புகார். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைத்துடிப்புப் பிரச்சினைக்கான கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். 'பொருள்களை அடிக்கடி தொலைப்பது' என்ற வரியில் பேனா நின்றது.

"மேடம், இதெல்லாம் எனக்கும் இருக்கே?"

இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கேஸ் புக்கிங், வேன் ஃபீஸ், அத்தை மாத்திரை என்று பேனாவால் எழுதியிருந்தது. பாதி வியர்வையில் அழிந்துபோயிருந்தது.

அவருக்கு 36 வயது. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு மறதி ஆகுமா?" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவர். பதற்றத்துக்குப் பல வருடம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஏடிஹெச்டியாக இருக்குமோ என்று சிகிச்சை தந்தவர்கள்கூட யோசிக்கவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் துறையின் அளவுகோலே அப்படி உருவானது. 1902இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஏடிஹெச்டி போன்ற அறிகுறிகளோடு விவரித்த 20 குழந்தைகளில் 15 பேர் பையன்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்த பையன்களை வைத்தே நடந்தன. சிகிச்சைக்கு யாரைக் கூட்டி வருவார்கள்? வகுப்பையே கலைக்கிற பிள்ளையைத்தான். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணால் யாருக்கு என்ன தொந்தரவு? வந்தவர்களைப் பார்த்து அறிகுறிப் பட்டியல் போட்டோம், அதே பட்டியலை வைத்துக்கொண்டு 'பெண்களுக்கு இது அபூர்வம்' என்றோம். அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் விதி, 12 வயது என்று மாறியதே 2013இல்தான். ராத்திரி பகலாக உழைத்துச் சமாளிக்கிற பெண் பிள்ளைகள் பலர் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் திணறுகிறார்கள்.

ஆட்டிசத்திலும் இதே கதைதான். 1943இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கேனர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். அடுத்த வருடம் ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வருமே பையன்கள்.

இந்தச் சாய்வு ஆண்களையும் விடுவதில்லை. மனச்சோர்வு என்றால் அழுகையைத் தேடுகிறோம். எரிந்து விழுகிற, குடியில் இறங்குகிற ஆணுக்குக் 'கோபக்காரன்' என்ற பெயர்தான் கிடைக்கிறது.

அந்த அம்மாவுக்கு முறையாகப் பரிசோதித்து ஏடிஹெச்டியை உறுதி செய்தோம். "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டார். வெகுநேரம் அழுதார்.

இப்போதெல்லாம் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் குறும்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. வீட்டுப்பாடம் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பக்கத்தில் யாராவது உட்கார வேண்டியிருக்கிறதா? பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோகிறாளா?