டிஸ்க் பிரேக் பிஸ்டன் இறுகினால் காடியைப் பாருங்கள்

பைக்கைத் தள்ளும்போது முன்சக்கரம் கனக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் டிஸ்கிலிருந்து காந்தல் வாடை வருகிறது. டிஸ்கை இருபுறமும் கவ்வும் இரண்டு பேடுகளில் ஒன்று தகடு தெரியத் தேய்ந்திருக்க, மற்றது பாதிகூடத் தேயவில்லை. இதெல்லாம் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரில் ஏதோ ஒன்று இறுகிவிட்டதற்கான அடையாளம். பெரும்பாலும் அது பேடைத் தள்ளும் பிஸ்டன். சில சமயம் காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின்.

பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. காலிபரின் உட்சுவரில் வெட்டிய காடி என்ற பள்ளத்துக்குள் சதுர வடிவ சீல் உட்கார்ந்திருக்கும். லிவரைப் பிடித்ததும் ஆயில் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னே போகும். அதைக் கவ்வியிருக்கும் சீலின் உள்விளிம்பும் கூடவே சாயும். வெளிவிளிம்பு காடியில் அசையாமல் நிற்கும். லிவரை விட்டதும் சாய்ந்த ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். சக்கரம் உரசாமல் சுற்ற அது போதும். பேட் தேயத் தேய பிஸ்டன் சீலில் வழுக்கிக் கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொள்ளும். டிரம் பிரேக் மாதிரி நட்டைத் திருகி டைட் வைக்கும் வேலை இதில் இல்லை.

இவ்வளவு நுணுக்கமான இழுப்பைக் கெடுக்கக் கொஞ்சம் உப்பே போதும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் சேறு காலிபருக்குள் ஒட்டிக் காய்கிறது. மேலூர்ப் பக்கம் கல் தூசி. அதன்மேல் வாட்டர் சர்வீஸில் உப்புத்தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால், வெளியே இருக்கும் டஸ்ட் சீலைத் தாண்டி ஈரம் உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி ஓடாமல் நின்றால் அந்த ஈரம் அங்கேயே தங்கும். அலுமினியம் வெள்ளையாகப் பூக்கும். பூத்த உப்புக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். காடிக்குள் அதற்கு வேறு வழி இல்லாததால் சீலை அடியிலிருந்து நெம்பி, பிஸ்டன்மேல் அழுத்துகிறது. பிஸ்டனை மட்டும் துடைத்து உள்ளே தள்ளிவிட்டால் சில வாரத்தில் பழையபடி இறுகுவது இதனால்தான்.

கழற்றும் முன் ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும். லிவரைப் பிடித்து விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரில் ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் லேசானால் காலிபர்மேல் தப்பில்லை. லிவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் பொடி ஓட்டை அடைத்திருக்கும், அல்லது ஆயில் போகும் ஓசுக் குழாய் உள்ளே உப்பியிருக்கும். அப்படியும் லேசாகவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோதான்.

பிஸ்டன் வெளியே வரும்வரை ஓசுக் குழாயைக் கழற்றாதீர்கள்; லிவர் அழுத்தத்தாலேயே அதைத் தள்ளி எடுக்கலாம். முதலிலேயே குழாயைக் கழற்றுவதுதான் அவசரத்தில் பலர் செய்யும் தப்பு. லிவரில் 10 கிலோ விசை கொடுத்தால், லிவரின் நெம்பலில் ஏறக்குறைய ஆறு மடங்காகி மாஸ்டர் பிஸ்டனில் 60 கிலோ விழும். மாஸ்டர் பிஸ்டன் 12.7 மி.மீ., காலிபர் பிஸ்டன் 30 மி.மீ. என்றால், காலிபரில் 330 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை கிடைக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் 7 கிலோ காற்றழுத்தம் அதே பிஸ்டனில் 50 கிலோதான் கொடுக்கும். அதிலும் காற்றில் பிஸ்டன் குண்டு மாதிரி வெடித்து வரும். எதிரே விரல் இருந்தால் நசுங்கும்.

பேடுகளை எடுத்து, காலிபரை டிஸ்கிலிருந்து இறக்கி, வெளியே தெரியும் அழுக்கை சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்துவிடுங்கள். பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டு வைத்து, லிவரை மெதுவாக அடியுங்கள். ஆயில் டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைப் பிஸ்டன் காலிபரில் லேசானதுதான் முதலில் ஓடும். அதை சி-கிளாம்பால் பிடித்து நிறுத்தினால் அழுத்தம் முழுக்க இறுகியதன்மேல் விழும். அசையவே இல்லையென்றால் காலிபரைத் துணியால் சுற்றிக் கொதிநீர் ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; 60 டிகிரி சூடேறினால் 30 மி.மீ. துளையில் 0.02 மி.மீ. இடைவெளி கூடும். பூத்த உப்பின் பிடி விட அதுவே பல நேரம் போதும். நெருப்பு காட்டாதீர்கள்: சீல் கருகும், பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். பிஸ்டனின் வெளிப்பக்கத்தைப் பிளையரால் பிடிக்கவும் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலே ஆயில் கசியும்.

பிஸ்டன் வந்ததும் ஓசுக் குழாயைக் கழற்றி, சீல்களை மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். இப்போது காடியை வெளிச்சத்தில் பாருங்கள். மூலைகளில் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படிந்திருக்கும். முனை வளைத்த பித்தளைக் கம்பியால் அதைச் சுரண்டி எடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அலுமினியம் பளிச்சென்று தெரிய வேண்டும். பிஸ்டனில் விரல் நகத்தை ஓட்டுங்கள். குழியில் நகம் மாட்டினால் புதுப் பிஸ்டன்தான். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்க முடியாது. குரோம் பூச்சு போய்விட்டால் துரு வேகமாக ஏறும்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவவே கூடாது. இந்த ரப்பர் அந்த எண்ணெய் பட்டால் ஊதிவிடும், பிஸ்டன் முன்னைவிட மோசமாக இறுகும். பிரேக் கிளீனர், இல்லையென்றால் புதுப் பிரேக் ஆயில்.

புது சீல்களைப் புது டாட் 4 ரகப் பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டு, பிஸ்டனைக் கைவிரலாலேயே நேராக அழுத்துங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் காடியில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்லைடு பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ். ஓசுக் குழாயைப் பழைய வாஷரில் முடுக்காமல் புதுச் செப்பு வாஷர் போட்டு முடுக்கி, குமிழி வராத வரை ஏர் எடுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் குடித்த பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். சிறுமலை இறக்கத்தில் லிவர் திடீரென்று கைப்பிடியைத் தொடுவது அதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். டேங்கில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயிண்டை அரித்துவிடும்.

லிவர் கெட்டியான பிறகு நான்கு கிலோமீட்டர், முன்பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, டிஸ்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெறுமனே வழிந்தால் பிஸ்டன் திரும்புகிறது. சுர்ரென்று பொங்கினால் மறுபடி காடியைத் திறக்க வேண்டும்.