குளோரின் மணம் வந்தால் மட்டும் கிருமி போய்விடுமா?

காவிரிப் படுகை ஊர்களில் மருத்துவமனைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சோதிக்கச் செல்லும்போது, குளோரின் எந்த இடத்தில் கலக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, நீர் வெளியேறும் குழாய்க்குச் சற்று முன்பாக ஊற்றுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மணம் நன்றாக வீசும். ஆனால் குளோரின் ஏறத்தாழ அரை மணி நேரமாவது நீரோடு தங்கினால்தான் கிருமிநீக்கம் நடக்கும் என்பதால், வேலை முடியுமுன்பே அந்த நீர் வாய்க்காலில் இறங்கிவிடுகிறது.

நீரில் கலங்கலும் அம்மோனியாவும் மிகுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கலங்கல் துகள்களுக்குள் பாக்டீரியா பதுங்கிக்கொள்கிறது. அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின், வீரியம் குறைந்த குளோரமின் ஆகிவிடுகிறது. குளோரினைச் சோதிக்கும் ஆர்த்தோடொலிடின் கரைசலைத் துளிகளாக விட்டதும் நொடிகளில் மஞ்சள் தெரிந்தால் அது எதனோடும் சேராத, தனித்த குளோரின். நிறம் மெல்ல மெல்ல ஏறினால் பெரும்பாலும் குளோரமின்தான். மஞ்சள் வந்ததா என்று மட்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் ஆபரேட்டர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மருத்துவமனைக் கழிவுநீரில் சாதாரணக் கிருமிகளோடு, ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காதவையும் வருகின்றன. கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதிக்கான மரபணு, பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. பாக்டீரியா செத்தாலும் அந்த மரபணு நீரில் மிஞ்சக்கூடும். போதாத அளவு குளோரின் இந்தத் தாவலைத் தூண்டுவதும் ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. புற ஊதா விளக்கும், பாக்டீரியாவைக் கொல்லும் அளவைவிடக் கூடுதலாகப் பாய்ந்தால்தான் மரபணுவைச் சிதைக்கும். தெளியாத நீரில் அது சரியாக ஊடுருவுவதில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதற்கு முந்தைய கோடையில் காவிரியின் கிளையாறுகளான அரசலாறும் குடமுருட்டியும் வறண்டு கிடக்க, கழிவுநீரை நீர்க்கச் செய்யும் ஓட்டமே இருப்பதில்லை. தண்ணீர் வந்ததும் தேங்கியவை அடித்துச் செல்லப்பட்டு, நாற்று நடுபவர்கள் காலில் கீறலோடு நிற்கும் வயல்களுக்கே போய்ச் சேருகின்றன.

ஆகவே முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் உயிரியல் சுத்திகரிப்பைச் சரிசெய்து அம்மோனியாவைக் குறைத்து, வடிகட்டித் தெளியவைத்து, பிறகு தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டியில் குளோரினோடு தங்கவிட வேண்டும். ஆய்வகக் கழிவுகளை உருவாகும் இடத்திலேயே கிருமிநீக்கம் செய்யவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. வெயில் படும் இடத்தில் வைத்த ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் கரைசல் விரைவில் வீரியம் இழக்கும் என்பதால், கேனில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல் செறிவை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். அடியில் படியும் கசடில் கிருமிகள் செறிந்திருக்கும். அதை உரமென்று தென்னந்தோப்புக்குக் கொடுக்காமல், சுண்ணாம்பு கலந்து பிஎச் 12-க்கு உயர்த்தி உலர்த்திய பின்னரே உரிய முறையில் அப்புறப்படுத்த வேண்டும்.