ஆயிரம் ஆண்டு உடையாத மதில்

கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊர். தரை வழி மேற்கே மட்டும்தான். அந்தப் பக்கத்தை அடைத்து, கிழக்கு ரோமப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், 413 வாக்கில், சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில் எழுப்பினார்கள். அவார்கள், அரபியர், பல்கேரியர் எல்லாரும் அதன் முன் வந்து நின்று திரும்பினார்கள். 1204-இல் சிலுவைப் போர்ப்படை நகரைப் பிடித்ததுகூட கடல் பக்கச் சுவர் வழியாகத்தான்.

எப்படித் தாங்கியது? முதலில் 20 மீட்டர் அகல அகழி. அப்புறம் வெளிமதில். அதற்கும் பின்னால் 12 மீட்டர் உயரத்தில், ஐந்து மீட்டர் கனத்தில் உள்மதில். வெளிமதிலைப் பிடித்தாலும் எதிரி உள்மதிலின் அம்புகளுக்கு நேர் கீழேதான் நிற்க வேண்டும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது சாந்துதான். வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான் இறுகும். இவ்வளவு கனமான சுவரின் நடுவுக்குக் காற்று எங்கே போய்ச் சேரும்? அதனால் செங்கல் தூளைக் கலந்தார்கள். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஈரத்தில் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமென்ட்டில் உருவாவது போன்ற பிணைப்பைத் தருகின்றன. முல்லைப் பெரியாறு அணையில் போட்ட சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) கலவையின் வேதியியலும் இதுவே. கல்வரிசைகளுக்கு இடையிடையே செங்கல் பட்டைகள் சுவரின் முழுக் கனத்துக்கும் ஓடி, இரு முகத்தையும் நடுவிலுள்ள உடைகல்லையும் சேர்த்துப் பிடித்தன.

அப்படியும் நிலநடுக்கம் விடவில்லை. 447-இல் 57 கோபுரங்கள் விழுந்தன. பால்கன் பகுதியில் அட்டிலாவின் ஹூணர் படை. தேரோட்டப் பந்தயத்தில் எப்போதும் மோதிக்கொள்ளும் நீலக் கட்சியினரும் பச்சைக் கட்சியினரும் சேர்ந்து வேலையில் இறங்க, இரண்டே மாதத்தில் மதில் எழுந்தது. அந்தச் செய்தியை ஒரு வாசலில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்தார்கள். லத்தீன் அரசின் மொழி, கிரேக்கம் தெருவின் மொழி. சண்டைக்காரர்கள் சேர்ந்து கட்டிய சுவர் என்பதாலேயே எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

1453-இல் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கொண்டுவந்தது ஓர்பான் என்ற ஹங்கேரிய வார்ப்பாளர் செய்த பெரும் பீரங்கி. லைகஸ் ஓடைப் பள்ளத்தில் மதில் தாழ்ந்து கிடந்த இடத்தில் கல் நொறுங்கியது. கிரேக்கர், ஜெனோவியர், வெனிசியர் என உள்ளே இருந்த சுமார் 7,000 வீரர்களோடு ஊர்மக்களும் சேர்ந்து, இரவோடு இரவாக மரக்கட்டையும் மண் நிரப்பிய பீப்பாயும் அடுக்கி உடைப்பை மூடினார்கள். அந்த மண்தடுப்பு கல்லைவிட நன்றாகவே தாங்கியது. கல், குண்டின் விசையை வாங்கி நொறுங்கும். தளர்ந்த மண்ணோ நசுங்கி, குண்டைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். பின்னாளில் ஐரோப்பியக் கோட்டைகள் உயரத்தைக் குறைத்து மண்ணைக் கூட்டியதும் இதனால்தான்.

மே 29 அன்று நகரம் விழுந்தது. காலியான தெருக்களில் துருக்கியரையும் கிரேக்கரையும் ஆர்மீனியரையும் யூதரையும் மெஹ்மத் கொண்டுவந்து குடியமர்த்தினார். உடைந்த மதிலையும் பழுதுபார்த்தார். பழைய கோபுரங்கள் நான்கோடு புதிதாக மூன்றைச் சேர்த்து ஏழு கோபுரக் கோட்டையும் கட்டினார்.