"இரண்டு வருட விதி இந்தியாவுக்கு இல்லை" என்று நம்பி ஜே-1 விசாவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

"மேடம், இந்தியாவுக்கு அந்த ரெண்டு வருஷ ரூலை எடுத்துட்டாங்கதானே?"

இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு வாரம் போவதில்லை. பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் அமெரிக்கா போய் வந்த சிலர், இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே அங்கே வேலை விசா வாங்கலாம் என்ற விதியைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவுக்குப் பரிமாற்றப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பத்தில் வழிகாட்டுவது என் தொழில். கடைசியாக இதைக் கேட்டவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. நம் மத்திய அரசின் உதவித்தொகையில் ஜே-1 விசா வாங்கிப் போய், ஆய்வகத்தில் நல்ல பெயர் எடுத்து, ஊர் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அங்கே ஒரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஹெச்-1பி என்ற வேலை விசாப் பேச்சு வந்தபோதுதான் அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் பழைய டிஎஸ்-2019 படிவத்தை, அதாவது ஜே-1 விசாவுக்கு அடிப்படையான பரிமாற்றத் தகுதிச் சான்றை, அனுப்பச் சொல்லியிருக்கிறார். பார்த்ததும் "நீங்கள் 212(இ) என்ற அந்த இரண்டு ஆண்டு விதிக்கு உட்பட்டவர், இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இந்தியாவில் இருந்தாக வேண்டும்" என்று பதில் எழுதிவிட்டார். அந்தப் பெண்ணோ, இந்தியர்களுக்கு இந்த விதி இனி இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். இப்படி ஒருவர் இருவர் அல்ல. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. அதுதான் ஆபத்து.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(இ) பிரிவு, ஜே-1 விசாவில் வந்த சிலர் தம் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்த பிறகுதான் ஹெச் விசா (வேலைக்கு), எல் விசா (நிறுவனத்துக்குள் இடமாற்றத்துக்கு), கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்புக்கு) ஆகியவற்றைப் பெறலாம் என்கிறது. "சிலர்" என்றால் யார்? மூன்று வழிகளில் ஒருவர் இதில் மாட்டலாம். முதலாவது, பணம். உங்கள் பரிமாற்றத்துக்கு அமெரிக்க அரசோ இந்திய அரசோ நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ கொஞ்சமாகவோ நிதி கொடுத்திருந்தால் நீங்கள் உள்ளே. இரண்டாவது, திறன் பட்டியல். உங்கள் துறை உங்கள் நாட்டுக்குத் தேவையான திறன் என்று அந்தப் பட்டியலில் இருந்தால் உள்ளே. மூன்றாவது, மருத்துவ மேற்பயிற்சி. ரெசிடென்சிக்கோ ஃபெலோஷிப்புக்கோ போகும் டாக்டர்கள் எல்லோரும் உள்ளே.

2024 டிசம்பர் 9 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை திறன் பட்டியலைப் புதுப்பித்தது. அதில் இந்தியாவின் பெயர் இல்லை. முன்பே போய் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். பட்டியலால் மட்டுமே மாட்டியிருந்த எத்தனையோ பேருக்கு விடுதலை கிடைத்தது, எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் போனது இரண்டாவது வழி மட்டும். பண வழி அப்படியே இருக்கிறது. மருத்துவ வழி அப்படியே இருக்கிறது. பட்டியலில் இந்தியா இல்லை என்பதற்கும் இந்தியர்களுக்கு விதியே இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. அரசு நிதியில் நடக்கும் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் போகிறவர் இன்றும் இந்த விதிக்கு உட்பட்டவர். இந்திய அரசின் உதவித்தொகையில் போகிறவரும் அப்படித்தான். தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

உட்பட்டவர் என்று தெரிந்ததும் எல்லோரும் குறுக்குவழி தேடுகிறார்கள். "ஜெர்மனியில் ரெண்டு வருஷம் போஸ்ட்டாக் பண்ணிட்டுப் போனா கணக்கு சரியாயிடுமா?" ஆகாது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. குடியுரிமை உள்ள நாட்டில், அல்லது ஜே-1 வாங்குவதற்கு முன் நிரந்தரமாகக் குடியிருந்த நாட்டில், உடலால் இருந்த நாட்கள்தான் கணக்கு. இடையில் வெளிநாடு போய் வந்தால் தவறில்லை, அந்த நாட்கள் மட்டும் சேராது. விட்டு விட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்ளலாம்.

"அமெரிக்கக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை பார்த்திருக்கோம், கல்யாணம் ஆனா இது போயிடும்ல?" இது பெற்றோர்களின் கேள்வி. கல்யாணத்தால் விதி போகாது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள கணவருக்கோ குழந்தைக்கோ அசாதாரணமான துன்பம் நேரும் என்று நிரூபித்தால் விலக்கு கேட்கலாம். பிரிந்திருப்பது கஷ்டம் என்பது மட்டும் அதற்குப் போதாது. நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதற்கு முன் பெண்ணின் டிஎஸ்-2019 படிவத்தை எடுத்துப் பாருங்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 212(இ) இருந்தால் இரண்டு ஆண்டு அமெரிக்காவில் கால் வைக்கவே கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுற்றுலா விசாவில் போய் வரலாம். இங்கிருந்தே விண்ணப்பித்து எஃப்-1 விசாவில் படிக்கவும் போகலாம். இரண்டு ஆண்டுக் கடன் அப்படியே நிலுவையில் நிற்கும், அவ்வளவுதான். இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆராய்ச்சியாளர், பேராசிரியர் பிரிவுகளில் ஜே-1 முடித்தவர்கள் மறுபடி அதே பிரிவுகளில் வர 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அது வேறு, 212(இ) வேறு. 24 மாதத் தடைக்கு நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் காலம் ஓடும். ஒருவருக்கு ஒன்று மட்டும் பொருந்தலாம், இரண்டும் பொருந்தலாம், இரண்டும் பொருந்தாமலும் போகலாம்.

சரி, விலக்கு வாங்கவே முடியாதா? முடியும். இந்திய அரசு "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தருவது ஒரு வழி. நோரி சான்றிதழ் என்று சொல்வார்களே, அது. மாநில அரசு, பாஸ்போர்ட் அலுவலகம், மத்திய அமைச்சகம், இந்தியத் தூதரகம் என்று காகிதம் சுற்றி வர மாதக் கணக்காகும். ஃபுல்பிரைட் போல அமெரிக்க அரசே பணம் கொடுத்திருந்தால், ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இருந்தாலும் விலக்கு கிடைப்பது அரிது. ரெசிடென்சிக்குப் போன டாக்டர்களுக்கு இந்த வழியைச் சட்டமே அடைத்து வைத்திருக்கிறது. அவர்களில் பலர் பிடிப்பது கான்ராட் 30 திட்டத்தை. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம்தான்.

இவ்வளவையும் விசா வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் எனக்கு வருத்தம். டிஎஸ்-2019 படிவம் வந்ததும் எல்லோரும் பெயரையும் தேதியையும் சரிபார்க்கிறார்கள். ஐந்தாவது கட்டத்தைப் பார்ப்பதில்லை. யார் எவ்வளவு பணம் தருகிறார்கள் என்று அதில்தான் இருக்கிறது. இந்திய அரசு என்றோ அமெரிக்க அரசுத் துறை என்றோ அங்கே தொகை இருந்தால் அப்போதே ஸ்பான்சர் அலுவலகத்துக்கு (படிவத்தைக் கொடுத்த அமெரிக்க நிறுவனம்) மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பேராசிரியரிடம் கேட்காதீர்கள், பாவம் அவருக்கு இது தெரியாது. இரண்டாவது பக்கத்தில் இந்த விதி எழுதியிருக்கிறது. அதைப் படித்தேன், ஏற்கிறேன் என்றுதான் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

இந்த விதி உங்களுக்குப் பொருந்துமா என்று அமெரிக்கத் தூதரக அதிகாரி படிவத்திலோ விசா ஸ்டிக்கரிலோ குறிப்பது முதல்கட்டக் கருத்துதான். சில நேரம் அது தவறாகவும் இருக்கும். சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் ஆலோசனைக் கருத்து கேட்டு எழுதலாம். "ஸ்டிக்கரில் ஒன்றும் இல்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

விண்ணப்ப வேலைகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்றத்தில் வருவோர் பற்றிய அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டணம் பெரும்பாலான ஜே-1 பிரிவுகளுக்கு 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர். ஃபுல்பிரைட் போன்ற அமெரிக்க அரசுத் திட்டங்களில் போகிறவர்களுக்கு இவை இல்லை. தெரியாமல் கட்டிவிட்டு வருகிறார்கள், கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளை அதில் கேட்கிறார்கள். ஏஜென்ட் "எதுவும் இல்லை" என்று போட்டுவிட்டால் பொய் சொன்னது நீங்கள்தான். 2025 ஜூன் முதல் எஃப் (படிப்பு), எம் (தொழிற்பயிற்சிப் படிப்பு), ஜே விசா விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். நேர்காணலில் மனப்பாடப் பதில் வேண்டாம். என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன் அந்த ஆய்வகம், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லத் தெரிந்தால் போதும்.

காப்பீட்டை மட்டும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊருக்கு அனுப்ப 50,000 டாலர், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர், கையிலிருந்து கட்டும் பங்கு 500 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று விதி சொல்கிறது. கூடப் போகும் துணைக்கும் குழந்தைக்கும் இதேதான். ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கும் பயணக் காப்பீடுகளில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள்.

ஜே-1 விசாக்காரரோடு ஜே-2 விசாவில் கூடப் போகும் கணவருக்கோ மனைவிக்கோ 212(இ) அப்படியே ஒட்டிக்கொள்ளும். இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். அப்புறம், போய் வந்தவர்கள் டிஎஸ்-2019 படிவம் ஒவ்வொன்றையும், உதவித்தொகைக் கடிதத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து ஆண்டு கழித்தும் யாராவது ஒரு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார். பரணில் கிடந்தால் இன்றே இறக்கி, ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.