நினைவுக் கோப்பையும் பேருந்துக் காசும்

சென்ற மாதம் ஒரு கைப்பந்துப் போட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புற்றுநோயில் இறந்துபோன அணித்தோழரின் நினைவாக நண்பர்கள் ஆண்டுதோறும் நடத்துவது. நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் நோயாளிகளுக்குப் போகும். கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர் என்பதால் மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முக்கியமான பேச்சு மேடைக்குப் பின்னால், பொருளாளரோடு நடந்தது.

"ஒரு மெஷின் வாங்கிக் குடுத்தா அவன் பேரு நிக்கும்ல டாக்டர்? இல்ல, ஆராய்ச்சிக்குக் குடுத்துடலாமா?"

ஆராய்ச்சி என்றதும் எனக்கு டெர்ரி ஃபாக்ஸ் ஞாபகம் வந்தார். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த பிறகு, 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய இளைஞர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு, 22 வயதில் இறந்தார். அவர் திரட்டியது ஆராய்ச்சிக்குத்தான். ஆனால் அது ஒரு நாடே திரண்டு கொடுத்த பணம். நம் கையில் இருப்பது எட்டு அணிகளின் நுழைவுக் கட்டணம்.

அதனால் பொருளாளருக்கு, நோயாளி வந்த நாட்களைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் எங்கள் சிகிச்சை அட்டையைப் பற்றிச் சொன்னேன். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் 'கரண்ட் வைப்பது', அதாவது கதிர்வீச்சு கொடுப்பது, பெரும்பாலும் 33 முதல் 35 தடவை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏழு வாரம். மேசையில் படுத்திருப்பது சில நிமிடம்தான். வந்து போவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும், துணைக்கு வருபவருடையதும் சேர்ந்து. பல அட்டைகளில் நான்காவது வாரத்துக்கு மேல் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். "அந்த வாரம் வழிச்செலவுக்குப் புரளல" என்பார்கள். எஞ்சிய புற்றணுக்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது எங்கள் துறையில் வெகுகாலமாக இருக்கும் கணக்கு. மெஷின் தயாராகத்தான் இருக்கிறது. ஆள் வந்து சேர வழியில்லை.

பேருந்துக் காசு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகை, விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் சத்துமாவு. இவை எந்த பில்லிலும் வருவதில்லை. மொத்தமாகக் கொடுக்காமல், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாக வாராவாரம் கொடுங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே: போட்டோ வேண்டாம். கழுத்துத் தோல் கருகி உரிந்த நிலையில் ஒருவரை நிற்கவைத்து, அவரைவிட அகலமான அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேனரில் இறந்தவரின் சிரித்த முகம் இருந்தது. என்ன புற்றுநோய் என்று எழுதவில்லை. கேட்டேன். நாக்கு. "பல்லு குத்துதுன்னு அஞ்சு மாசம் மருந்து தடவிட்டிருந்தான்." அதைச் சொன்ன அணித்தலைவர் வாயில் பாக்கு அடக்கியிருந்தார். புகையிலை சேர்க்காததுதான் என்றார். வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வலிக்காத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கரையாத கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டியாக வேண்டும். மேடையில் இதை மட்டும் சொல்லிவிட்டு, விருப்பமுள்ளவர்கள் பந்தலுக்குப் பின்னால் வரலாம் என்றேன். முதலில் யாரும் அசையவில்லை. அரையிறுதி முடிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே. போன் டார்ச்தான் வெளிச்சம்.

வாயைத் திறந்து, சொந்த விரல்கள் மூன்றைச் செங்குத்தாகப் பல்லுக்கிடையே வைக்கச் சொன்னேன். சாதாரணமாக நுழையும். அணித்தலைவருக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார் நாராக இறுகியிருந்தது. "காரம் மட்டும் தாங்கறதில்ல டாக்டர், வேற ஒண்ணுமில்ல" என்றார். இது இன்னும் புற்றுநோய் அல்ல, ஆனால் அங்கே போகக்கூடிய பாதை, பாக்கை இன்றோடு விட வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். வெளியே விசில் ஊதியது. இறுதிப் போட்டிக்கு ஓடினார்.

கோப்பை அவர்கள் அணிக்குத்தான். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.