மூன்று எண்களில் ஒரு விண்மீன்

கையா விண்கலத்தின் அட்டவணையில் ஏறக்குறைய 180 கோடி வரிகள் இருக்கின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் ஏவிய விண்கலம் அது. அட்டவணையின் மூன்றாவது வெளியீடு 2022 ஜூனில் வந்தது. பெரும்பாலும் ஒரு வரி என்றால் ஒரு விண்மீன். பெயரெல்லாம் கிடையாது, நீளமான அடையாள எண் மட்டும்தான். அப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த விண்மீனின் வெப்பம், பருமன், நிறை எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும், கால்குலேட்டர் போதும்.

கணக்குக்காக ஒரு வரியை நாமே வைத்துக்கொள்வோம். இடமாறு தோற்றப்பிழை, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம், 5.00 மில்லி வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு வில்விநாடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில்விநாடி). எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று சொல்லும் பொலிவெண் 12.2. நீலப் பட்டையில் அளந்த பொலிவெண்ணிலிருந்து சிவப்புப் பட்டையில் அளந்ததைக் கழித்தால் 0.98, இதைத்தான் நிறம் என்கிறார்கள்.

முதலில் தூரம். 1000-ஐ இடமாறு தோற்றப்பிழையால் வகுத்தால் போதும்: 200 பார்செக், சுமார் 650 ஒளியாண்டு.

சூரியனோடு ஒப்பிட, இந்த விண்மீனை 10 பார்செக் தூரத்துக்கு இழுத்து வந்தால் 20 மடங்கு பக்கத்தில் வரும், 400 மடங்கு பிரகாசமாகத் தெரியும். பொலிவெண்ணில் அது 6.5 குறைவு. ஆகவே 5.7. சூரியனை அதே இடத்தில் வைத்தால் 4.67. (எண் கூடினால் ஒளி குறைவு என்ற இந்தத் தலைகீழ் வழக்கம் பழைய கிரேக்கர்கள் விட்டுப்போனது. வானியலாளர்கள் இன்னும் அதை விடுவதாக இல்லை.) பட்டைக்கு வெளியே போகும் ஒளியையும் சேர்த்துப் பார்த்தால், நம் விண்மீன் சூரியனின் ஒளியில் 0.42 பங்கு தருகிறது.

சூரியனின் நிறம் இதே அளவையில் 0.82. நம்முடையது அதைவிடச் சற்றுச் சிவப்பு, அதனால் குளிர்ச்சி: சூரியனுக்கு 5772 கெல்வின், இதற்குச் சுமார் 5250. ஒரு சதுர மீட்டர் பரப்பு உமிழும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே இதன் பரப்பு சதுர மீட்டருக்குச் சூரியனில் 68 சதவீதம்தான் தரும். 0.42-ஐ 0.68-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் கிடைத்துவிடும், சூரியனைப்போல 0.79 மடங்கு.

நிறைதான் சிக்கல். அந்த வரியில் எந்த எண்ணும் நிறையை அளக்கவில்லை. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களை எடைபோட்டு, முதன்மை வரிசையில் (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் சாதாரண விண்மீன்களில்) இவ்வளவு ஒளி என்றால் இவ்வளவு நிறை என்று ஏற்கனவே கண்டுவைத்திருக்கிறார்கள். அதை இதன்மேல் பொருத்துகிறோம்: சூரியனில் சுமார் 0.8 பங்கு. இது சாதாரண விண்மீன் என்று நம்பித்தான் இப்படிச் சொல்கிறோம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. இதே நிறத்தில் ஒரு பெருவிண்மீன் (முதுமையில் ஊதிப் பெருத்த விண்மீன்) இருந்தால் பல பத்து மடங்கு ஒளி தந்திருக்கும்.

சரி, இடையில் தூசி இருந்தால்? விண்வெளித் தூசி நீல ஒளியை அதிகமாகத் தடுக்கும், சிவப்பை ஓரளவு விட்டுவிடும். விண்மீன் மங்கலாகவும் தெரியும், உண்மையில் இருப்பதைவிடச் சிவப்பாகவும் தெரியும். தூசியால் நிறம் 0.1 மாறியிருந்தால் உண்மையான நிறம் 0.88, வெப்பநிலைக் கணக்கில் 300 கெல்வின் பிசகு. கூடவே பொலிவெண்ணிலும் சுமார் 0.2 திருத்த வேண்டும். குளிர்ந்த விண்மீனும் தூசிக்குப் பின்னால் நிற்கும் சூடான விண்மீனும் ஒரே நிறத்தைக் காட்டலாம் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் தூசி வரைபடங்களையும், தூசி அவ்வளவாகத் தடுக்காத அகச்சிவப்பு அளவீடுகளையும் துணைக்கு அழைக்கிறார்கள்.

அப்புறம், புள்ளி ஒன்றுதான், விண்மீன் இரண்டு என்றும் இருக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு ஒட்டித் தெரிந்தால் பொலிவு இரட்டிப்பாகும், பொலிவெண் 0.75 குறையும், நிறமோ மாறாது.

தூரம் அதிகமானால் முதல் படியே வழுக்கும். இடமாறு தோற்றப்பிழை 0.2, அதில் 0.1 கூடக்குறைய என்று வந்தால், விண்மீன் 3,300 பார்செக்கிலும் இருக்கலாம், 10,000-த்திலும் இருக்கலாம். நம் விண்மீன் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

வயதைக் கேட்காதீர்கள். இவ்வளவு நிதானமாக எரியும் விண்மீன் 200 கோடி ஆண்டிலும் 800 கோடி ஆண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். இருக்கும் சிறு வித்தியாசமும் தூசிக் கணக்கின் தடுமாற்றத்தில் காணாமல் போய்விடும். அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று தெரிந்தால் ஓரளவு ஊகிக்கலாம், ஆனால் நம் மூன்று எண்களில் அது இல்லை.